ஒரே பொட்டின் கீழ் இருந்த குரல்கள்

என் கொழுந்தனாருக்குக் குரல் இல்லை என்று சொன்னால், தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு கஷாயம் சொல்கிறார்கள். சர்ச்சில் ஒரு அம்மாள் அதிமதுரத்தைப் பொட்டலம் கட்டியே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அப்படி இல்லை. தொண்டையில் கட்டி வந்து, குரல் பிறக்கிற பாகத்தையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு சின்னத் துணி. மூச்சு அந்த வழியாகப் போய்வருகிறது. சாப்பாடு எப்போதும்போல வாய் வழியாகத்தான். அதில் ஒரு குறையும் கிடையாது. என் மீன் குழம்புக்கு இன்றைக்கும் முதல் தட்டு அவருடையதுதான்.

நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். என் பேச்சு இப்படிப் புத்தகம்போல இருக்காது. அவள் தலைவாரிப் பூ வைத்து அனுப்புகிறாள். எழுத்து தெரியாததை நான் குறையாக நினைத்து அழுததில்லை. கீர்த்தனைகள் எல்லாம் காதால் ஏறியவை. பஸ் எங்கே போகிறது என்று கேட்டால் செகந்திராபாத்தில் நாலு பேர் நாலு பாஷையில் சொல்வார்கள். கொழுந்தனாருக்கு ஆபரேஷன் என்று பேச்சு வந்த அன்றுதான் எனக்கு முதன்முதலாக உறைத்தது. மற்றவர்களுக்கு அவர் எழுதிக் காட்டிவிடுவார். எனக்கு எதைக் காட்டுவார்?

நான் கல்யாணமாகி வந்தபோது அவர் டவுசர் போட்ட பையன். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பிறகு குஷாய்குடா பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்து, இங்கேயே இரண்டு பேரும் சேர்ந்து வீடு கட்டினார்கள். கீழே அவர், மேலே நாங்கள். என் வீட்டுக்காரரும் போய்விட்டார், கொழுந்தனார் மனைவியும் போய்விட்டாள். அதனால் கீழ்வீட்டு அடுப்பு அணைந்து, சாப்பாடு சாயா எல்லாம் மாடியில்தான். படியில் கால் வைக்கும்போதே "அண்ணீ" என்று ஒரு இழுப்பு வரும். அந்த இழுப்பிலேயே பசியா, வம்பா, சர்ச் கமிட்டிமேல் கோபமா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

என் மருமகள் பாளையங்கோட்டைக்காரி. கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. அது போக, சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் பார்க்கிறாள். உலகம் முழுக்க ஆட்கள் புரோகிராம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்துவிடுகிறார்களாம். அதை மூட்டை மூட்டையாகக் கட்டி, எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் பத்திரமாகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் இருக்கிறது. அந்த மூட்டைக்குப் பேக்கேஜ் என்று பெயர். அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி.

"காசு தர்றதில்லையா? அப்புறம் கைக்கு செய்யிறே?" என்று கேட்டேன். கைக்கு என்றால் இந்த ஊர்ப் பேச்சில் எதற்கு.

"எங்க ஊரு அசனத்துக்கு வந்தப்போ நீங்க கூட உக்காந்து வெங்காயம் உரிச்சியளே, சம்பளமா தந்தாவ?" என்றாள்.

அசனம் என்பது அவர்கள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சாப்பாடு. நான் உரித்த வெங்காயத்துக்கு அளவே இல்லை. கண்ணெல்லாம் எரிந்தது, ஆனால் என்ன சந்தோஷம்! அதற்குப் பிறகு நான் அவள் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள்தான் ஒரு பேக்கேஜைத் தேடிக் கண்டுபிடித்தாள். கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால், அந்தப் பேச்சு அந்தப் பட்டனுக்குச் சொந்தமாகிவிடும். பிறகு எப்போது தட்டினாலும் அதே குரல் அதே வார்த்தையைச் சொல்லும். யாரோ ஒரு தகப்பன், எங்கோ பனி பெய்கிற ஊரில், பேச்சு வராத தன் மகளுக்காக எழுதியது. பிறகு அவன் என்ன ஆனானோ, பல வருஷமாக அதைத் தொடவில்லை. கவனிக்க ஆளில்லாமல் கிடந்ததை இவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வீட்டில் ஒருவர் உபயோகிக்கிறாரே என்றுதான்.

கொழுந்தனார் ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டார். பட்டன்களில் எழுத்து எதற்கு என்று, வளையல் கடையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வாங்கிவந்து ஒட்டினார். சிவப்பு, பச்சை, கல் வைத்தது, பாம்பு வளைவு. பொட்டு வைக்காத எங்கள் வீட்டுக்குள் பொட்டு அட்டை வந்தது அதுவே முதல் தடவை. கடைக்காரன், "பேட்டிக்கா, சாப்?" என்று கேட்டானாம், மகளுக்கா என்று. "மிஷினுக்கு" என்றாராம். பொட்டு ஒட்டியது எனக்காகத்தான். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் எது என்ன என்று தெரிய வேண்டுமே!

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு, கீழே கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசிப் பதிந்தார். நான் சாயா கொண்டுபோனால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். உள்ளே "நக்கோ... நக்கோ... அரே, நக்கோ" என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். அதுவும் இந்த ஊர்ப் பேச்சு, வேண்டாம் என்று அர்த்தம். என் பேத்தி, மருமகளின் மகள், "சின்னத் தாத்தாவுக்கு நாடகமா?" என்று கேட்டாள்.

நாடகம்தான். ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, முதன்முதலாக அந்த லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, ஒரு தட்டுத் தட்டினார். "அண்ணீ" என்றது. பழைய இழுப்பு, அப்படியே! நான் கையில் இருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே போட்டேன். அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பிலும் சத்தம் கிடையாது, ஆனால் மிஷினில் இருக்கிறது பாருங்கள், உடனே ஆமாம் என்கிற பச்சைப் பொட்டைத் தட்டினார். "ஹவ்!" என்றது.

கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றும் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அதில் எல்லா வார்த்தையும் ஒரே மாதிரி வண்டு ரீங்கரிப்பதுபோல வரும். அவருக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப் போதும் என்றுவிட்டார்.

சாயங்காலம் ஆனால் கேரம் போர்டு. அவர், நான், பேத்தி, லீவு நாளில் மருமகள். பேத்தி தமிழில் கேட்டுக்கொண்டு தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்கிற ஜாதி. அவர் இடது கை கீபோர்டில், வலது கை ஸ்ட்ரைக்கரில்.

"தாத்தா, ஃபவுல்! கை லைன் தாண்டிருச்சு!"

"நக்கோ." அது குழந்தையைக் கெஞ்சுகிற நக்கோ.

"ஃபவுல்னா ஃபவுல். காயின் எடுத்து வைங்க."

"நக்கோ." இது கமிட்டி மீட்டிங்கில் மேஜையைத் தட்டிச் சொல்கிற நக்கோ.

"நேனு ஆடனு போ!" ஆட மாட்டேன் என்று கோபித்துக்கொண்டாள்.

"நக்கோஓஓ." இது சிரிப்பு பாதி, வார்த்தை பாதி. இதற்குப் பிறகு யாரால் கோபமாக இருக்க முடியும்?

சோறு போதும் என்பதற்கு ஒரு நக்கோ, ஆட்டோக்காரன் ரேட் சொன்னால் ஒரு நக்கோ. மனிதர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். "கைக்கு" என்பதிலும் அப்படித்தான். நிஜமாகவே காரணம் கேட்பது ஒன்று, போடா உன் வேலையைப் பார் என்பது ஒன்று. எங்களுக்கு அதெல்லாம் பழகிப்போய்விட்டது. குரல் போன மனிதர் என்கிற நினைப்பே வீட்டில் இல்லை. அவர் பேசினார், நாங்கள் பதில் பேசினோம். எந்த விரல் எங்கே எத்தனை தரம் தட்டுகிறது என்று யார் பார்த்தார்கள்? முகத்தைப் பார்த்துத்தானே பேசுவோம்!

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பழைய லைப்ரரியை மாற்றுகிற வேலை வந்தது.

லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை. மருமகள் எனக்குப் புரியும்படி சொன்னாள்.

"அத்த, ஸ்டேஷன்ல க்ளோக் ரூம் இருக்கில்லா? பெட்டியக் குடுத்தா டோக்கன் தருவான். டோக்கனக் காட்டினா பெட்டியத் தருவான். புரோகிராமெல்லாம் தன் சாமானத் தானே வச்சுக்கிடாது. இந்த மாதிரி ஒரு க்ளோக் ரூம்ல குடுத்து வச்சிரும். அதுக்குத்தான் டேட்டாபேஸ் லைப்ரரின்னு பேரு."

"சரி, அந்த க்ளோக் ரூமுக்கு இப்போ இன்னா கேடு?"

"பழசாயிட்டு. அத எழுதினவங்க கைய விட்டு வேற கைக்குப் போயி, புதுசா வந்ததுக்குப் புதுச் சட்டம் போட்டுட்டாவ. எங்க ஆட்களுக்கு அந்தச் சட்டம் ஒத்துவராது. அதனால ரொம்ப காலமா பழசுலயே நிக்கோம். ஓட்டை விழுந்தா அடைக்க ஆளில்ல. அதான், எந்தெந்தப் பேக்கேஜ் அத நம்பி இருக்கோ, எல்லாத்தையும் வேற ஒண்ணுக்கு மாத்துதோம்."

எத்தனையோ பேக்கேஜ்கள். சில பேக்கேஜ்களுக்கு ஆள் உண்டு, அவரவர் மாற்றிவிட்டார்கள். ஆளில்லாதவற்றை மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு. எடுப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுப்பார்களாம்: இதை எடுக்கப்போகிறோம், இதை இப்படி மாற்றப்போகிறோம், ஆட்சேபணை உண்டானால் சொல்லுங்கள் என்று.

"ஓலை வாசிக்கிற மாதிரி" என்றேன்.

மருமகளுக்குச் சிரிப்பு. எங்கள் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று பாதிரி ஐயர் நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். ஒரு தடவை நிஜமாகவே ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அந்த மனிதருக்கு இருமல், வெளியே போக எழுந்தாராம்! அவரைப் பிறகு அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கே அழைக்கவில்லை.

"உங்க ஓலைக்கு யாராவது எழுந்திருச்சாங்களா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எந்திக்கல. எந்திக்கலைன்னா சம்மதம்னு அர்த்தம்" என்றாள்.

கொழுந்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். தான் எழுந்திருக்க வேண்டிய ஆள் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது வேறு யாருடைய கல்யாணமோதான்.

இந்தக் குரல் பேக்கேஜ் அவள் பொறுப்பில் இருந்ததால் அதை எடுக்கவிடாமல், புது லைப்ரரிக்கு அவளே மாற்றினாள். நல்ல மனதோடு செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். பழைய க்ளோக் ரூமிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதில் வைக்க ஒரு வழியும் எழுதினாள். பழையதில் எத்தனை டோக்கன், புதியதில் எத்தனை டோக்கன் என்று அதுவே எண்ணிப் பார்க்கும். இரண்டும் சரியாக இருந்தால் பழையதைத் துடைத்துவிடும். தன் குரலை, பேத்தியின் குரலை, பிரஷர் குக்கர் விசிலை எல்லாம் பட்டன் பட்டனாகப் பதிந்து மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிசகவில்லை.

உலகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் நிஜமாக உபயோகிக்கிற ஒருவரிடம் பார்க்க வேண்டும் என்றாள். கொழுந்தனார் உடனே திரையில் என்னவோ தட்டினார். பேத்தி படித்துச் சொன்னாள்: "என் மேலே ட்ரை பண்ணு. ஃபேக்டரியில் புது போர்டு வந்தா முதல்ல என் பெஞ்சுக்குத்தான் வரும்."

"வேண்டாம் மாமா, எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துட்டு..."

"நக்கோ" என்று தட்டினார். பெருமைக்கார நக்கோ. பிறகு மேலும் எழுதினார், பேத்தி படித்தாள்: "காப்பி உன் வீட்டுக்காரன் எடுக்கிறான்." என் மகன் எங்கள் வீட்டில் ஒரு பேக்கப் பெட்டி வைத்திருக்கிறான், எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருப்பது அதில் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். அது போதுமே என்று மருமகளும் சரி என்றாள். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பை வாங்கி ஏற்றிக் கொடுத்தாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

அன்று அவர் கேரம் ஆட வரவில்லை, சர்ச்சில் ஏதோ கூட்டம், லேப்டாப்பையும் எடுத்துப்போகவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்து, பிரியாணி தின்று, எல்லோரும் போர்டைச் சுற்றி உட்கார்ந்தோம். பேத்தி ரெட் காயினைப் போட்டுவிட்டுக் குதித்தாள். அடுத்து இன்னொரு காயினை ஃபாலோ போடவில்லை, ரெட் காயினைத் திரும்ப வை என்பதற்காக அவர் தட்டினார்.

"நக்கோ" என்றது. மெலிந்த ஒரு நக்கோ. அவர் மறுபடி தட்டினார். அதே நக்கோ. இன்னொரு தரம். அதே.

"தாத்தா ஸ்டக் ஆயிட்டாரு!" என்று பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கி, அடிப்பக்கம் பார்த்து, பழைய ரேடியோவைப்போல ஒரு தட்டுத் தட்டி வைத்தார். "கைக்கு" என்று ஒரு பொட்டைத் தட்டினார். திரும்பத் திரும்ப ஒரே கைக்கு. பிறகு என்னைப் பார்த்தார். கல் வைத்த சிவப்புப் பொட்டில் விரலை வைத்தார். அது என்னுடைய பொட்டு.

"அண்ணி" என்றது.

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அது அவர் குரல்தான். ஆனால் கரகரத்து, மூச்சு வாங்கி, பயந்துபோன ஒருவன் இருட்டில் கூப்பிடுவதுபோல இருந்தது.

"இது எப்போ பேசினது, தம்பி?"

அவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். எழுதினார். மருமகள் குனிந்து படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"ஆபரேஷன் அன்னைக்குக் காலைல, ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சுப் பேசினதாம், அத்த. கடைசியாப் பேசினது." பிறகு அவரிடம் திரும்பினாள். "மத்ததெல்லாம் எங்க மாமா? அந்த இழுத்துக் கூப்பிடுற அண்ணி எந்தப் பட்டன்?"

அவர் அதே சிவப்புப் பொட்டைக் காட்டினார்.

"சிரிக்கிற நக்கோ?"

நக்கோ பொட்டைக் காட்டினார்.

"கெஞ்சுறது? கோவப்படுறது?"

அதே பொட்டு.

"ஒரே பட்டன்லயா மாமா எல்லாம்? ஒவ்வொண்ணும் வேற வேற பட்டன்னுல்லா நான் நெனச்சேன்! இவ்வளவு நாளா..." என்றவள் அந்தப் பொட்டைத் தானே தட்டிப் பார்த்தாள்.

இந்த இடத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அத்த, இதையும் எழுதணுமா?" என்று கேட்கிறாள். எழுதம்மா என்றேன்.

நடந்தது இதுதான். பதியும்போது ஒரே பட்டனில் இரண்டாம் முறை பேசினால் முதலாவது அழிந்துவிடும் என்றுதான் அந்தப் பேக்கேஜோடு வந்த குறிப்பில் இருந்ததாம். அவர் பேசிப் பார்த்தார், அழியவில்லை. ஒரு தரம் தட்டினால் முதல் பேச்சு, சட்டென்று இரண்டு தரம் தட்டினால் இரண்டாவது, மூன்று தரம் தட்டினால் மூன்றாவது. எலக்ட்ரானிக்ஸ்காரர் இல்லையா, கண்டுபிடித்ததும் குஷியாகி, ஒவ்வொரு பொட்டின் கீழும் படிப்படியாக அடுக்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "ட்ரேட் சீக்ரெட்" என்று எழுதினார். பட்டன் தட்டுவதை மறைத்துக்கொண்டு நிஜமாகவே பேசுகிறவர்போல இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதில் ஜெயித்தும் இருந்தார்.

பழைய க்ளோக் ரூமில் ஒரே டோக்கனுக்கு எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான். புதியதில் ஒரு டோக்கனுக்கு ஒரு பெட்டிதான். அதே டோக்கனில் இன்னொன்று வந்தால் முன்னதைத் தூக்கி எறிந்துவிட்டு இதை வைப்பான். ஆக ஒவ்வொரு பொட்டிலும் கடைசியாகப் பேசியது மட்டும் தங்கிவிட்டது. மருமகள் எண்ணியது டோக்கனை. பெட்டியை எண்ணவில்லை. டோக்கன் எண்ணிக்கை பொருந்தியது, பழையது துடைக்கப்பட்டுவிட்டது.

"அந்தத் தகப்பன் புரோகிராம்ல அடுத்தத எடுன்னு எழுதியிருந்தான், அத்த. நான் பாத்தேன். தேவையில்லாம ஏதோ எழுதியிருக்கான்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றாள். "அவன் மகளுக்கும் ஒரே வார்த்தைய ஒரே மாதிரி சொல்லப் பிடிக்காதோ என்னவோ. குறிப்புல எழுத மறந்துட்டான்."

மகனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். லேப்டாப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துக்கொள்கிற பெட்டி அது. புதியது வந்ததும் அதுவும் புதியதாகிவிட்டது. அழிந்ததைத் தோண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மருமகள் லீவு போட்டுவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள். இந்த மாதிரி டிஸ்கில் துடைத்தது துடைத்ததுதான் என்றானாம். கடைசியாக எல்லோருடைய ஃபோனையும் வாங்கி, ஆபரேஷனுக்கு முந்திய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கிறதா என்று குடைந்தாள். மாடியில் இருக்கிறவர்களுக்கு யார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்? அவர் எதற்கும் படியேறித்தான் வருவார். ஒரு பழைய கிறிஸ்துமஸ் வீடியோவில் தூரத்தில் அவர் குரல் மாதிரி ஒன்று கேட்டது. அதன்மேல் நான் பாடிக்கொண்டிருந்தேன்.

மருமகள் சும்மா இருக்கவில்லை. புதிய பேக்கேஜை உலகத்துக்குப் போகாமல் நிறுத்திவைத்தாள். எழுதியதைத் திருத்தி, ஒரு பெயரின் கீழ் பலவற்றை வைத்துக்கொள்கிற மாதிரி செய்தாள். இந்த மாற்றத்தில் ஒருவருக்குச் சாமான் தொலைந்தது, மற்ற பேக்கேஜ்காரர்களும் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் எழுதினாள். எழுதியதைக் கொழுந்தனாரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு ஒரு வரி தட்டினார். பேத்தி படித்தாள்: "பேரைப் போடக் கூடாதா? இவ்வளவு கஷ்டப்பட்டுத் தொலைச்சிருக்கேன்."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. அந்த அறிவிப்புக்கு எங்கிருந்தோ யாரோ பதில் போட்டார்கள். என் வீட்டிலும் ஒரு பட்டனில் பல குரல் இருக்கிறது, நல்ல வேளையாகச் சொன்னீர்கள் என்று. அதை அவள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"பாத்தியா, உன்னாலே ஒரு வீட்டுக்கு நல்லதாச்சு" என்றேன்.

"எல்லாரும் தப்பிச்சிட்டாவ அத்த. மாமாவுக்கு மட்டுந்தான் போச்சு" என்றாள்.

திருத்திய பேக்கேஜை அவர் லேப்டாப்பில் ஏற்றினாள். இப்போது ஒரு பொட்டின் கீழ் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். அடுக்க என்ன இருக்கிறது? நான் பழைய நக்கோக்களையெல்லாம் அவரைப்போலவே சொல்லிக் காட்டுவேன்; எங்கள் குடும்பத்தில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. பேத்தி, "பாட்டி, நீங்க பேசி வைங்களேன்" என்றாள். நான் கோதாவில் இறங்கி, சிரிக்கிற நக்கோவைச் சொல்லிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஒரு மனிதன் வேறொருத்தி குரலில் எப்படிக் கோபப்படுவான்?

கேரம் ஆட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் சண்டை குறைந்துவிட்டது. ஒரே நக்கோவை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் சண்டை போடுவது? ஃபவுல் என்று பேத்தி சொன்னால் காயினை எடுத்துப் பேசாமல் போர்டில் வைத்துவிடுகிறார். பேத்தி என்னிடம் வந்து காதோடு, "பாட்டி, தாத்தா ஈஸ் நாட் ஃபைட்டிங்" என்கிறாள்.

சிவப்புப் பொட்டை மட்டும் அவர் தட்டுவதே இல்லை. படியேறி வந்து சமையலறை வாசலில் நிற்பார். ஒரு நாள் மதியம் மருமகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, திரையில் எழுதிக் காட்டினார். அவள் படித்துவிட்டு வேகமாகத் தலையாட்டினாள்.

"முடியாது மாமா. இன்னும் ஒண்ண என் கையால அழிக்க மாட்டேன்."

அவர் மறுபடி எழுதினார். அவள் என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த ஆஸ்பத்திரி அண்ணிய எடுத்துரச் சொல்லுதாவ, அத்த. அது பயந்துக்கிட்டுப் பேசினது, அண்ணிய அப்படிக் கூப்பிட்டதில்ல, அது காதுல விழவே கூடாதுங்காவ. இருக்கிறதே அது ஒண்ணுதான. நீங்களாவது சொல்லுங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வேண்டும் என்று சொல்லலாம்போல நாக்கு வரை வந்தது. ராத்திரி கேட்டால் தூக்கம் வராது, ஆனாலும் அது அவர் குரல். இனி ஒன்று பிறக்கப்போவதில்லை. ஆனால் அதற்குள் இருக்கிற பயம் அவருடையது. அதை நான் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது?

"அவரு சொல்றபடி செய்ம்மா" என்றேன்.

"நல்லா யோசிச்சிட்டீங்களா? அப்புறம் வராது அத்த."

"தெரியும். செய்."

அவள் செய்தாள். செய்துவிட்டு, போய்விட்டதா என்று பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. அவரே சிவப்புப் பொட்டை ஒரு தரம் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே கீரைக்காரி தெலுங்கில் கூவிக்கொண்டு போனாள். அவர் மருமகளின் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே போனார்.

என்னை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் இருந்தது அவர் ஒருவர்தான். இப்போது சாயா நேரத்துக்குப் படியேறி வருகிறார். செருப்புச் சத்தம்கூடக் கேட்காத மெல்லிய நடை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். நான் திரும்பிப் பார்க்கும்வரை அவர் வாசலில் நிற்கிறார்.